கோழிச் சண்டையில் முதுகு ஒடிந்தது யாருக்கு?

கோழிக்கும் சரக்கு வேனுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளி பல்லாண்டுக் காலம் வேனுக்குள் கூனிக் குறுகி வேலை செய்ததற்கு ஒரு கோழிச் சண்டையும் காரணம்.

முதலில் வண்டிகளைப் பார்ப்போம். ஃபோர்டு கம்பெனியின் எகனோலைன் அமெரிக்க வேனுக்கு நல்ல உதாரணம். 1961-ம் ஆண்டு மாடலாக வந்தது. பின்னால் லாரியைப் போலக் கனத்த சேஸிஸ், பெரிய பெட்ரோல் எஞ்சின், தணிந்த கூரை என்று நிலைபெற்றது. பாரம் தாங்கும், முரட்டு வேலைக்கு அஞ்சாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போகிறவன் குனிந்துதான் போகவேண்டும்.

ஐரோப்பாவில் தெருக்கள் குறுகல், எரிபொருள் விலை அதிகம். எனவே அங்கே வேறுவிதமான வேன் வளர்ந்தது. ஃபோர்டின் டிரான்சிட் 1965-ல் பிரிட்டனில் பிறந்தது. மெர்சிடிஸின் ஸ்பிரிண்டரும், ஃபியட்டின் டுகாட்டோவும் அதே இனம். சிறிய டீசல் எஞ்சின், பெட்டி போன்ற நேரான பக்கங்கள், உயர்ந்த கூரை. உயரக் கூரை மாடலில் ஆறடி ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். டுகாட்டோவில் முன் சக்கரமே இழுப்பதால் தளமும் தாழ்வு. மூட்டையை அவ்வளவு உயரம் தூக்கவேண்டாம். நாளெல்லாம் ஏறி இறங்குகிறவனுக்கு இதன் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட வண்டி அமெரிக்காவுக்குப் போகத் தடை என்ன? அங்கேதான் கோழி வருகிறது.

அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக வந்து குவிந்ததால், மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அதன்மீது வரியை உயர்த்தின. பதிலடியாக, ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் உத்தரவு போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சரக்கு வண்டி ஆகிய நான்கின் மீதும் 25 சதவீத வரி! மற்ற மூன்றின் வரியும் பிற்பாடு நீங்கியது. சரக்கு வண்டி வரி மட்டும் அரை நூற்றாண்டையும் தாண்டி நின்றது. காரணம் சொல்லவும் வேண்டுமா? உள்நாட்டு மோட்டார் முதலாளிகளுக்கு அது கோட்டைச் சுவர். போட்டி இல்லாதபோது தொழிலாளியின் முதுகைப் பற்றி யாருக்குக் கவலை?

ஆனால் லாபம் என்று வந்தால், சுவர் எழுப்பியவர்களே சுவர் ஏறிக் குதிப்பார்கள். ஃபோர்டு தன் சிறிய டிரான்சிட் கனெக்ட் வேனைத் துருக்கியில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. பயணி வண்டிக்கு அப்போது வரி 2.5 சதவீதமே. எனவே பின் இருக்கையும் ஜன்னலும் பொருத்தி, "இது பயணி வண்டி" என்று இறக்கினார்கள். பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் கடந்ததும் இருக்கைகளைப் பிடுங்கினார்கள். ஜன்னலை எடுத்துத் தகடு அடைத்தார்கள். ஒரு தொழிலாளி பூட்ட, இன்னொரு தொழிலாளி கழற்ற! மெர்சிடிஸோ ஸ்பிரிண்டரை ஜெர்மனியில் முழுதாகச் செய்து, பிரித்து, கப்பலேற்றி, தென் கரோலினாவில் மறுபடி பூட்டியது. மனித உழைப்பை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024-ல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 36.5 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது அந்தக் கம்பெனி.

"வரிச் சுவரால் தொழிலாளிக்கு வேலை கிடைத்ததே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 முதல் பெரிய டிரான்சிட் மிசௌரி மாநிலத்தின் கிளேகோமோவில் உற்பத்தியாகிறது. ஸ்பிரிண்டருக்கும் 2018-ல் தென் கரோலினாவில் முழு ஆலை திறந்தார்கள். வேலை வந்தது உண்மை. ஆனால் டுகாட்டோ எங்கே போயிற்று? 2013-ல் ராம் புரோமாஸ்டர் என்று பெயர் மாற்றி, மெக்சிகோவின் சால்டியோவில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஒப்பந்தப்படி அங்கிருந்து அப்போது வரியில்லாமல் உள்ளே வர முடிந்தது, கூலியும் குறைவு. சுவரில் முதலாளிக்கு எப்போதும் ஒரு வாசல் உண்டு.

சுவர் இல்லாத ஐரோப்பாவிலாவது தொழிலாளி தப்பினானா? பிரிட்டனில் சவுதாம்டனில் 1972 முதல் டிரான்சிட் செய்த ஆலையை 2013 ஜூலையில் மூடினார்கள். செலவு குறைவென்று வேலை துருக்கிக்குப் போயிற்று. நல்ல வண்டியைச் செய்தவன் தெருவில் நின்றான். நமக்கு இது புதிதா? மறைமலை நகரில் அதே கம்பெனி 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியதை நம் கண்ணெதிரே கண்டோம்.

ஆகவே, அமெரிக்க வேனா, ஐரோப்பிய வேனா என்று கேட்டால், நிமிர்ந்து நின்று வேலை செய்ய விடும் வண்டியே நல்ல வண்டி என்போம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்த வண்டி எப்போது வரவேண்டும், எங்கே செய்யவேண்டும், எந்த ஆலையை மூடவேண்டும் என்பதை லாபக் கணக்கு மட்டுமே தீர்மானிக்கிறது. ஓட்டுகிறவனையோ சுமக்கிறவனையோ பூட்டுகிறவனையோ யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் சேர்ந்து நின்று கேட்கிற வரையில், கூரை எவ்வளவு உயர்ந்தாலும் தொழிலாளியின் முதுகு நிமிராது.