அடுப்பைப் பூட்டித் தருபவர் யார்?

2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்தபோது, ரெகுலேட்டரும் ஹோஸும் தரமில்லை என்ற பேச்சுத்தான் முதலில் பலமாக எழுந்தது. பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழுவோ, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதே பிரதான காரணம் என்றது.

விஞ்ஞானப் பாடத்தில் இதை விளக்குவது இலகு. 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் ஆவியமுக்கம் 10 வளிமண்டலத்தைத் தாண்டும். பியூட்டேனுடையது 3ஐக் கூட எட்டாது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். பழைய கலவையைத் தாங்கிய தேய்ந்த வாசரும் வெடித்த ஹோஸும் அப்போதுதான் கசியத் தொடங்கும். இந்தக் கலவையை எந்தக் குடும்பத் தலைவியும் அளந்து பார்க்க முடியாது. அது அரசாங்கத்தின் பொறுப்பு, அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஆனால் நம் வீடுகளுக்குள் நாமே செய்யும் மாற்றங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. லண்டனிலிருந்து உறவினர் அனுப்பும் அழகான அடுப்பு, பெரும்பாலும் அங்கு குழாயில் வரும் இயற்கை வாயுவுக்காகச் செய்யப்பட்டது. அந்த வாயு மெதேன். அமுக்கம் 20 மில்லிபார். நமது சிலிண்டர் வாயுவோ, அதே கனவளவில் இரண்டரை மடங்குக்கும் கூடுதலான வெப்பம் தரும், அமுக்கமும் அதிகம். ஆகவே ஒவ்வொரு பர்னரிலும் உள்ள ஜெட்டைக் கழற்றி, சிறிய துளையுள்ளதைப் போட வேண்டும். சிம்மில் எரியும் அளவைத் தீர்மானிக்கும் சிறு திருகாணியையும் சரிசெய்ய வேண்டும். இவற்றைச் செய்யாமல் பூட்டினால் சுவாலை மஞ்சளாக உயரும், சட்டியில் கரி படியும், காபன் மொனொக்சைட்டும் வெளிவரும். அதற்கு மணமில்லை. மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்ததாயினும், அடியிலுள்ள தகட்டில் எந்த வாயு, எத்தனை மில்லிபார் என்று பார்த்த பிறகே பூட்டக் கொடுங்கள்.

நம் ஊர்களில் இந்த வேலையைச் செய்பவர் யார்? ஹாட்வெயார் கடைப் பையன், அல்லது குழாய் பொருத்த வந்தவர். சுவாலை சிறிதென்றால் ஊசியால் ஜெட்டைக் குத்திப் பெரிதாக்குகிறார்கள். சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்க்கும் இரண்டு நிமிட வேலையைக் கூடச் செய்வதில்லை. தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பவர்களும் உண்டு!

இந்த வாயு காற்றை விடப் பாரமானது. இரவு கசிந்தால் தரையோடு தங்கும். ஸஹருக்கு எழும்பி, ஜன்னல் மூடிய குசினியில் லைட்டைப் போடும் உம்மாமாரை நினைத்துப் பாருங்கள். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறப்பதுதான் முதல் வேலை.

தொழில்நுட்பக் கல்லூரிகளில் எரிவாயு அடுப்பு பொருத்துவதற்கென்று ஒரு குறுங்கால வகுப்பு நடத்தி, சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்களைப் பிரதேச செயலகத்தில் ஒட்டலாம். ஊருக்கு இரண்டு பேர் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதற்காக ஒரு கடிதம் எழுதினால் என்ன?