சில நாள் பொறுத்தல் நன்று
‘புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் ஏன் தாமதம்?’ என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பே. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் தீவிர நிணநீர்ப் புற்றுநோய்கள் பல. அவற்றைப் பிரித்தறியவே திசுவிலுள்ள புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கிறோம். சிடி20 என்னும் புரதம் இல்லையெனில் ரிடுக்சிமாப் மருந்தால் பயனில்லை. மிகுதியாகக் காணப்படும் பெரிய பி செல் வகையிலும், 2004இல் வெளிவந்த ஹான்ஸ் முறைப்படி சிடி10, பிசிஎல்6, எம்யூஎம்1 ஆகியவற்றைக் கொண்டு இரு பிரிவுகளை அறிகிறோம். நோயின் போக்கைக் கணிக்க அது உதவுகிறது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் உடனே சிகிச்சை தொடங்குவோம். மற்றபடி, பொருந்தாத மருந்தை இன்றே தொடங்குவதைவிடப் பொருந்தும் மருந்தைச் சில நாள் கழித்துத் தொடங்குவதே நன்று என்பது எங்கள் கருத்து. மருத்துவமனை மாறினால், அறிக்கையோடு திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெறுங்கள். மீண்டும் சதை எடுக்கும் வேதனையைத் தவிர்க்கலாம்.