கருப்பட்டிக்கும் கணக்கு உண்டு

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்தை அடுத்து அமைந்துள்ள திவ்விய தேசம் திருப்புட்குழி. புள்ளரசனாகிய ஜடாயுவுக்கு இராமபிரான் தம் திருக்கரங்களால் இறுதிக் கடன் ஆற்றிய இடம் என்பது தலவரலாறு. தந்தைக்கு மகன் செய்யும் கடனைப் பெருமானே ஒரு பறவைக்குச் செய்த தலமாதலின், அமாவாசை நாட்களில் முன்னோரை நினைந்து ஜடாயு தீர்த்தக் கரைக்கு வருவோர் பலர். சென்ற தை அமாவாசையன்று அடியேனும் நண்பர் ஒருவரும் அங்குச் சென்றிருந்தோம். அன்று நிகழ்ந்ததை எழுத அவரிடமே இசைவு பெற்றுக்கொண்டேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

நண்பருக்கு வயது 72. நீரிழிவு வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. தர்ப்பணம் முடியும்வரை எதுவும் உண்பதில்லை என்பது அவர் நியமம். ஆகவே விடியற்காலையில் வழக்கமான மாத்திரையை மட்டும் ஒரு மிடறு நீருடன் விழுங்கிவிட்டுப் புறப்பட்டிருந்தார். கூட்டம் மிகுதி, எங்கள் முறை வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எள்ளும் நீரும் இறைக்கும்போதே அவர் கை நடுங்கிற்று. தை மாதத்துக் காற்றில் முதுகெல்லாம் வியர்வை. பெயர்களைச் சொல்லும்படி கேட்டபோது பாட்டனார் பெயரைத் தந்தையார் பெயராகச் சொன்னார். அதைக் கேட்ட வாத்தியார்தாம் முதலில் விழித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "ஸ்வாமி, இவருக்குச் சர்க்கரை உண்டோ?" என்றார். ஆம் என்றதும் அருகிலிருந்த தேநீர்க் கடைக்கு ஆள் ஓடிற்று. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்தோம். கால் மணி நேரத்தில் அவர் தாமாகவே தந்தையார் பெயரைத் திருத்திச் சொன்னார்.

இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் இப்படி நேரும். ஆனால் ஆண்டுதோறும் இதே விரதத்தை அனுசரித்தவருக்கு இவ்வாண்டு மட்டும் ஏன் இப்படி? திரும்பும் வழியில் துருவித் துருவிக் கேட்டேன். வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம் போகவில்லை.

ஆடி மாதத்தில் உறவினர் ஒருவர் அவரிடம், "வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு, கருப்பட்டியும் தேனும் இயற்கையானவை, நீரிழிவுக்கு நல்லவை" என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல் நாளுக்கு இரண்டு வேளை கருப்பட்டிக் காபி, காலையில் வெந்நீரில் தேன். மார்கழி வந்ததும் சந்நிதியில் நாள்தோறும் வெல்லப் பொங்கல். கூடாரவல்லியன்று அக்காரவடிசில் இரண்டு தொன்னை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அளவு ஏறிவிட்டது. "இனிப்பு ஏதேனும் உண்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்க, "சர்க்கரையைத் தொடுவதே இல்லை" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் அறிந்த அளவில் அது பொய்யன்று. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை அது. வயிறு காலியாக இருந்தாலும் தன் வேலையைச் செய்துவிடும். கூட்டிய அந்த மாத்திரையோடுதான் பட்டினியாகத் தீர்த்தக் கரைக்கு வந்திருக்கிறார்.

பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். அதையே வெளுத்துச் சுத்தம் செய்தால் வெள்ளைச் சர்க்கரை. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள். குடலுக்குள் சென்றதும் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று இரத்தம் விசாரிப்பதில்லை. (வங்கியில் நாங்கள் ஒரே கடனுக்கு ஆண்டுதோறும் புதுப்பெயர் சூட்டுவோம், வாங்கியவர் கட்டும் தவணை மாறுவதில்லை.) வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு முதலிய தாதுக்கள் உண்டென்பது மெய்யே. ஆயினும் காபியில் இடும் ஒரு துண்டில் அவை எவ்வளவு இருந்துவிடப் போகின்றன? கீரையில் கிடைப்பதற்காகக் கருப்பட்டியை நாட வேண்டியதில்லை.

தேனின் கணக்கு இன்னும் வியப்பானது. அதில் நூற்றுக்குச் சுமார் 17 பங்கு நீர். மிச்சத்தில் மிகப் பெரும்பகுதி சர்க்கரையே. தேன் கனமானதாதலின் ஒரு தேக்கரண்டி 7 கிராம் நிற்கும். அதில் ஐந்தரை கிராமுக்கு மேல் சர்க்கரை. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையோ சுமார் 4 கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் வரிசையில் தேனையும் சேர்த்தே வைத்தது.

'நம் முன்னோர் வெல்லந்தானே உண்டார்கள்' என்பார்க்கு முன்னோரே விடை கூறியுள்ளனர். இந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் மதுமேகம். 'மது' என்றால் தேன். சரக சம்ஹிதை பிரமேக நோயின் காரணங்களை அடுக்கும்போது, உட்கார்ந்தே சுகிப்பது, மிகுந்த உறக்கம், தயிர், புதுத் தானியம் ஆகியவற்றோடு வெல்லத்தால் செய்த பண்டங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தக் காலத்தில் வெள்ளைச் சர்க்கரை ஆலை ஏது?

சீனித்துளசியைப் பற்றியும் அன்பர்கள் கேட்பதுண்டு. பெயரில் துளசி இருந்தாலும் அது பெருமாளுக்கு உகந்த துளசியின் இனமன்று. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுப் பகுதியிலிருந்து வந்த, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பது. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. நம் நாட்டில் 2015 முதல் உணவில் சேர்க்க அனுமதி உண்டு. காபிக்கு ஒன்று வேண்டியே தீரும் என்போர் மருத்துவரைக் கேட்டு இதைக் கொள்ளலாம். ஆனால் கடையில் விற்கும் சில பொட்டலங்களில் அளவைக் கூட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸ் முதலியவற்றைக் கலந்திருப்பர். கண்ணாடியை அணிந்துகொண்டு உறையைப் படிக்க வேண்டும். இது நோயைத் தீர்க்கும் மருந்தும் அன்று.

அப்படியானால் பிரசாதத்தை மறுப்பதா என்பதுதான் பலருடைய உண்மையான கலக்கம். கொடுத்ததைத் தள்ளினால் அபசாரம் ஆகுமோ என்று அஞ்சியே நண்பரும் இரண்டாம் தொன்னையை வாங்கியிருக்கிறார். பெருமாள் கண்டருளிய தளிகையில் ஒரு பருக்கையும் பிரசாதமே, ஓர் அண்டாவும் பிரசாதமே. இரு கையாலும் ஏந்தி, கண்களில் ஒற்றிக்கொண்டு, ஒரு விரல்நுனி அளவு வாயிலிட்டு, மற்றதைப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்தால் அதில் என்ன குறை? இனிப்பில்லாததால் காஞ்சி வரதர் கோயில் இட்லி கணக்கில் வராது என்றும் எண்ண வேண்டாம். அதிலும் அரிசி உண்டு. சுண்டல் வழங்கும் நாளில் சற்றுத் தாராளமாகவே கை நீட்டலாம். பயறும் கடலையும் சர்க்கரையை மெல்லவே ஏற்றுபவை. வறுத்த பயறும் முளைவிடும் என்னும் ஐதிகம் வழங்கும் மரகதவல்லித் தாயார் சந்நிதியில் நின்றபோது எனக்கு இந்த நினைவும் வந்தது.

விரதம் இருப்போர் இதை ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அன்றைய மாத்திரையையோ ஊசியையோ குறைப்பதும் தள்ளிவைப்பதும் அவர் சொற்படியே ஆக வேண்டும். நாமாக நிறுத்துவதும் கேடுதான். நடுக்கமும் வியர்வையும் கண்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்துப் பருகி, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் பருகிப் பின் உணவு கொள்ள வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

நண்பர் மருத்துவரிடம் கருப்பட்டி, தேன், பொங்கல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். மருத்துவர் சினந்துகொள்ளவில்லை, மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கி, அமாவாசையன்று அதைத் தர்ப்பணம் முடிந்து உண்ணும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மாசி அமாவாசைக்கும் இருவரும் திருப்புட்குழி சென்றோம். நண்பரின் பையில் தர்ப்பைக்கும் எள்ளுக்கும் பக்கத்தில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், வெள்ளைச் சர்க்கரை.