மிலிந்த் கல்லூரி கேட்கும் கேள்வி

ஆண்டுதோறும் தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியானதும் கல்லூரி வாசல்களில் பதாகைகள் முளைக்கின்றன. அந்தப் பட்டியலில் சமூக உள்ளடக்கத்துக்கு உள்ள இடம் 100க்கு 10. பெண்கள், வெளிமாநிலத்தவர், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் என எல்லாரும் அந்தப் பத்துக்குள்தான் அடங்க வேண்டும். கல்லூரியின் தரத்தை இப்படித்தான் அளப்பதா? அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய கல்லூரிகளில் வேறோர் அளவுகோல் இருந்தது.

1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே வகுப்புகள் அதிகாலையில் நடந்தன. பகலெல்லாம் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்களும் பட்டம் பெற வேண்டும் என்பதே காரணம். வேலையை விட்டுவிட்டு வா என்று அந்தக் கல்லூரி சொல்லவில்லை. மாணவரின் வாழ்க்கைக்கு ஏற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது.

1950இல் கழகம் அவுரங்காபாத்துக்குச் சென்றது. நிஜாம் ஆட்சி முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மராத்வாடா பகுதியில் உயர்கல்வி வசதி மிகக் குறைவு. அங்கே தொடங்கிய கல்லூரிதான் பின்னர் மிலிந்த் என்று பெயர் பெற்றது. பவுத்த நூலில் வரும் கிரேக்க மன்னன் மிலிந்தன் கேட்டுக்கொண்டே இருப்பான். பிக்கு நாகசேனர் பதில் சொல்வார். கேட்டவர் பெயர் கல்லூரிக்கு வந்தது. பதில் சொன்னவர் பெயரால் வளாகம் நாகசேனவனம் ஆனது.

எல்லாச் சாதி மாணவர்களுக்கும் இக்கல்லூரிகளின் கதவு திறந்திருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. சாதி கேட்டு வாடகைக்கு வீடு கொடுக்கும் நகரத்தில், கிராமத்துத் தலித் மாணவர் எங்கே தங்குவார்? அதனால்தான் மிலிந்தில் வகுப்பறையைப் போலவே விடுதியும் முக்கியமாக இருந்தது.

விளைந்தது என்ன? முதல்வராக இருந்த சிட்னிஸ் 'யுகயாத்ரா' நாடகத்தை எழுதினார். பின்னர் முதல்வரான வான்கடே தலித் இலக்கியத்துக்காக வாதாடினார். அங்கே பாடம் நடத்திய கங்காதர் பான்தாவணே 'அஸ்மிதாதர்ஷ்' இதழை நடத்தினார். மராத்தி தலித் இலக்கியத்தின் வரலாற்றை இந்த வளாகத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

அதே நகரத்தில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்ட 1978 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே கிராமங்களில் தலித்துகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. பெயர் வந்து சேர்ந்தது 1994 ஜனவரியில்தான். ஒரு பெயர்ப்பலகைக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? சேரியிலிருந்து வந்தவர் படிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாது. இதுதான் சாதியின் கணக்கு.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் நான்கு தலித் ஆய்வாளர்களும் முதலில் இழந்தது விடுதி அறைகளைத்தான். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை நாம் இழந்தோம். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நான், உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக, மெஸ் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் தோழர்களைத் தினமும் பார்க்கிறேன். இடஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை இப்படிச் சத்தமில்லாமல் பறித்துவிட முடியும். பிறகு, 'தகுதி இல்லாததால் பாதியில் நின்றுவிட்டார்' என்று கோப்பில் எழுதிவிடலாம்.

ஆகவே தோழர்களே, உங்கள் கல்லூரி தரவரிசையைச் சொல்லிப் பெருமைப்படும்போது மிலிந்தனைப் போல விடாமல் கேளுங்கள். உதவித்தொகை எந்தத் தேதியில் வருகிறது? விடுதியில் யாருக்கு இடம்? கால அட்டவணை யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்துப் போடப்பட்டது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள், அவர்கள் யார்?