பன்னாட்டு வங்கிகளின் பிரிவமைப்பும் இராமநாதபுரம் கடற்கரையும்

பன்னாட்டு வங்கிகளின் பிரிவமைப்பு என்பது பல நாடுகளில் இயங்கும் ஒரு வங்கிக் குழுமம் தன் தொழிலை எந்த அடிப்படையில் பகுத்து நிர்வகிக்கின்றது என்பதைக் குறிக்கும். வாடிக்கையாளர் வகை, நிலப்பகுதி, சட்டப்படியான நிறுவன வடிவம் ஆகிய மூன்றும் இதற்கான முதன்மை அடிப்படைகள் ஆகும். ஒரு கடனை யார் முடிவு செய்கின்றார், அது திரும்பாவிடில் இழப்பு எந்தக் கணக்கில் சேரும் ஆகியவை பெரும்பாலும் இப்பகுப்பைப் பொறுத்தே அமைகின்றன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (ஐ.ஓ.பி.) இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அது இராமநாதபுரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கியாகவும் உள்ளது. எனவே வங்கியின் பகுப்பு அம்மாவட்டக் கடற்கரை மக்களை எவ்வாறு தொடுகின்றது என்பதையும் இங்கு காணலாம்.

பகுப்பு முறைகள்

1865 இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட எச்.எஸ்.பி.சி. வங்கிக் குழுமம் 2024 வரை தன் தொழிலை வாடிக்கையாளர் வகைப்படி மூன்றாகப் பகுத்திருந்தது. அவை தனிநபர் வங்கியியலும் செல்வ மேலாண்மையும், வணிக வங்கியியல், உலகளாவிய வங்கியியலும் சந்தைகளும் என்பனவாகும். 2025 சனவரி 1 முதல் அது பின்வரும் நான்கு பிரிவுகளாக மாற்றப்பட்டது.

- ஹாங்காங்
- ஐக்கிய இராச்சியம்
- பெருநிறுவன, நிதிநிறுவன வங்கியியல்
- பன்னாட்டுச் செல்வ மேலாண்மையும் பிரீமியர் வங்கியியலும்

இவற்றுள் முதலிரண்டும் நிலப்பகுதி சார்ந்தவை. பின்னிரண்டும் வாடிக்கையாளர் சார்ந்தவை. ஒரே குழுமத்துக்குள் இருவகைப் பகுப்பும் கலந்து வரலாம் என்பதை இது காட்டுகின்றது.

இந்தியாவில் வங்கிகள் தம் நிதிநிலை அறிக்கையில் கருவூலம், பெருநிறுவன வங்கியியல், சில்லறை வங்கியியல், ஏனைய வங்கித் தொழில் என நான்கு பிரிவுகளின் வரவையும் இலாபத்தையும் தனித்தனியே காட்ட வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2007 இல் அறிவுறுத்தியது. 2022 இல் எண்ணிம வங்கியியல், சில்லறைப் பிரிவின் உட்பிரிவாகச் சேர்க்கப்பட்டது. மீன்பிடித் தொழில் இப்பட்டியலில் தனிப்பிரிவு அன்று. ஒரு மீனவரின் படகுக் கடன் பொதுவாகச் சில்லறைப் பிரிவில் அடங்கிவிடுகின்றது.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் வரலாறு

இவ்வங்கி 1937 பெப்ரவரி 10 அன்று மு. சித. மு. சிதம்பரம் செட்டியாரால் நிறுவப்பட்டது. காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே வேளையில் கிளைகள் திறக்கப்பட்டன. காரைக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985 இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது அது சிவகங்கையைச் சேர்ந்த மாவட்டத்துள் அமைந்தது. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் செய்து வந்தமையால் அயல்நாட்டுச் செலாவணித் தொழிலே புதிய வங்கியின் முதன்மை நோக்கமாயிற்று.

பின்னர் வங்கியின் வடிவத்தை மாற்றியவை பெரும்பாலும் அரசுகளின் சட்டங்களே. 1963 இல் பர்மா எல்லா வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கியது. 1969 சூலை 19 அன்று இந்தியா நாட்டுடைமையாக்கிய 14 வங்கிகளுள் ஐ.ஓ.பி.யும் ஒன்று. இதனால் புதிய சிக்கல் எழுந்தது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி தம் மண்ணில் இயங்குவதைச் சில நாடுகள் ஏற்கவில்லை. ஆகவே மலேசியாவில் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்சியல் வங்கி ஆகியவற்றின் தொழில்கள் இணைக்கப்பட்டு 1973 இல் யுனைடெட் ஏசியன் வங்கி உருவானது. பாங்காக்குக் கிளையை ஏற்க அதே ஆண்டில் சென்னையில் பாரத் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டது. அது 2007 இல் ஐ.ஓ.பி.யுடன் இணைந்தது. இன்று சிங்கப்பூர், ஹாங்காங், கொழும்பு, பாங்காக்கு ஆகிய நகரங்களில் வங்கிக்குக் கிளைகள் உள்ளன. மலேசியாவில் மட்டும் பிற இந்திய அரசு வங்கிகளுடன் கூட்டாக நடத்தும் தனி நிறுவனம் உண்டு.

கிளைக்கும் தனி நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. கிளையின் கடனுக்குத் தாய் வங்கி முழுப்பொறுப்பு. தனி நிறுவனத்தில் பொறுப்பு பொதுவாகப் போட்ட முதலோடு நின்றுவிடும்.

ஊரகப் பிரிவு

இதே முறை உள்நாட்டிலும் பின்பற்றப்பட்டது. தென் மாவட்டங்களின் ஊரகக் கடனுக்காக ஐ.ஓ.பி.யின் ஆதரவில் 1977 இல் பாண்டியன் கிராம வங்கி நிறுவப்பட்டது. வட்டார ஊரக வங்கிகளில் நடுவண் அரசு 50 விழுக்காடும், மாநில அரசு 15 விழுக்காடும், ஆதரவு வங்கி 35 விழுக்காடும் முதலீடு செய்கின்றன. 2019 ஏப்ரல் 1 அன்று பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அதன் ஆதரவு வங்கி இந்தியன் வங்கி ஆகும். இதன் விளைவாக, மாவட்டத்தின் முன்னோடி வங்கி ஒன்றாகவும் ஊரக வங்கியின் ஆதரவாளர் மற்றொன்றாகவும் பிரிந்துள்ளன.

கடற்கரையில் விளைவுகள்

கடற்கரைக் குடும்பம் ஒன்று வங்கியின் பல பிரிவுகளில் ஒரே வேளையில் இடம்பெறக்கூடும். வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் வெளிநாடுவாழ் இந்தியர் வைப்பாகின்றது. தந்தையின் படகுக் கடன் முன்னுரிமைத் துறையில் வேளாண் சார்ந்த கடனாக எண்ணப்படுகின்றது. தாயின் நகைக்கடன் வேளாண்மைக்கு எனில் ஒரு கணக்கிலும், குடும்பச் செலவுக்கு எனில் வேறு கணக்கிலும் சேர்கின்றது. ஒவ்வொரு பிரிவும் தன் பங்கை மட்டும் காண்கின்றது. குடும்பத்தின் முழு வரவையும் இடரையும் அறியும் வாய்ப்பு கிளை மேலாளருக்கே உண்டு. ஆனால் பெரிய தொகைக்கான ஒப்புதல் மேல் அலுவலகத்திலிருந்து வர வேண்டும்.

2017 இல் அறிவிக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் இதனைத் தெளிவாகக் காட்டும். பாக்கு விரிகுடாவில் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, மீனவரைச் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றுவது இதன் நோக்கம். 80 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள படகின் செலவு பின்வருமாறு பகிரப்பட்டது.

- நடுவண் அரசு: 50 விழுக்காடு (40 இலட்சம்)
- மாநில அரசு: 20 விழுக்காடு (16 இலட்சம்)
- வங்கிக் கடன்: 20 விழுக்காடு (16 இலட்சம்)
- மீனவர்: 10 விழுக்காடு (8 இலட்சம்)

வங்கியின் பங்கு சிறியதே. எனினும் இராமேசுவரத்துப் பழைய விசைப்படகு ஓரிரவில் கரை திரும்புவது. புதிய படகு பல நாட்கள் கடலில் தங்குவது. டீசல், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றுக்கான நடைமுறை மூலதனம் பெருகுகின்றது. அதற்கு வேறொரு கடன் தேவை. 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் உழவர் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பிணையின்றி வழங்கும் வேளாண் கடனின் வரம்பு 2025 சனவரி 1 முதல் 1.6 இலட்சத்திலிருந்து 2 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. படகுக்கு ஓர் ஒப்புதல், பயணச் செலவுக்கு மற்றோர் ஒப்புதல் என்ற நிலையில் இரண்டாவது தாமதமானால் முதற்கடனால் வாங்கிய படகு கரையிலேயே நிற்கும். அப்போது மீன் வணிகரிடம் முன்பணம் பெற நேர்கின்றது. முன்பணம் தந்தவருக்கே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே, மீனை விற்க வேண்டியுள்ளது.

பிணையும் இங்கு வேறுபட்டது. எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்படும் படகை இலங்கை அரசு பறிமுதல் செய்யலாம். அயல்நாட்டுப் படகுகளுக்கான தண்டத்தையும் அது 2018 இல் சட்டத் திருத்தம் மூலம் பெரிதும் உயர்த்தியது. கடனுக்கு ஈடான சொத்தே வேற்று நாட்டில் முடங்கும் இவ்விடரைச் சில்லறைப் பிரிவின் பொது விதிகள் எளிதில் அளவிட இயலாது.

மதிப்பீடு

வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்கும், அதனுள் 18 விழுக்காட்டை வேளாண்மைக்கும் வழங்க வேண்டும். இவ்விலக்கு வங்கி முழுமைக்கும் உரியது. மீன்பிடிப்புக்கெனத் தனி இலக்கு இல்லை. எனவே கடற்கரையில் கடன் குறைந்தாலும் வேறிடத்து உழவுக் கடனால் இலக்கு நிறைவேறிவிடும். நிலப்பகுதி அடிப்படையில் இக்குறையைக் காட்டும் ஏற்பாடு, 1969 இல் கொண்டுவரப்பட்ட முன்னோடி வங்கித் திட்டமே ஆகும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் எல்லா வங்கிகளின் கடனும் மாவட்ட அளவில் ஒருங்கே ஆராயப்படுகின்றது. ஆனால் முன்னோடி வங்கிக்குத் திட்டமிடும் பணி உண்டேயன்றிப் பிற வங்கிகளுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை.

வாடிக்கையாளர் வகைப் பகுப்பு இலாபத்தை அளக்கவும், தனி நிறுவன வடிவம் இழப்புக்கு எல்லையிடவும் உதவுகின்றன. ஓர் ஊரின் முழுத்தேவையை அறிய இரண்டும் போதா. எச்.எஸ்.பி.சி. தன் இரு பெரிய சந்தைகளை 2025 இல் நிலப்பகுதிப் பிரிவுகளாக்கியது. இராமநாதபுரம் போன்ற சிறிய சந்தைக்கு அவ்வாறு தனிப்பிரிவு அமைவது அரிது. ஆகவே கிளை மேலாளரின் ஒப்புதல் அதிகாரமும் முன்னோடி வங்கியின் ஆண்டுக் கடன் திட்டமுமே அக்கடற்கரையில் அவ்விடத்தை நிரப்பக்கூடியவையாக உள்ளன.