கொடி மாறியவர்களைக் குறை சொல்லலாமா?

பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாளில் மரதன் ஓட்டத்தில் தங்கம் வென்ற சிபான் ஹஸன், ஹிஜாபுடன் மேடையேறிப் பதக்கத்தைப் பெற்றார். அந்தப் படத்தை எங்கள் வகுப்பில் பகிராதவர்கள் குறைவு. அவர் பிறந்தது எதியோப்பியாவில். 2008 இல், 15 வயதில் அகதியாக நெதர்லாந்துக்குப் போய், தாதியர் கல்வி கற்றுக்கொண்டே ஓடி, 2013 இல் அந்நாட்டுப் பிரஜையானவர். ஏன் எதியோப்பியாவுக்காக ஓடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 3000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் பஹ்ரைனுக்குத் தங்கம் வென்ற வின்பிரட் யாவி, கென்யாவில் பிறந்தவர். இதைச் சொன்னதும் என் சாச்சா, "காசுக்கு நாட்டை வித்தவள்" என்றார். வகுப்பிலும் அதே பேச்சுத்தான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிம்பிக்கில் ஒரு ஓட்டப் போட்டிக்கு ஒரு நாடு மூன்று பேரைத்தான் அனுப்பலாம். கென்யாவில் நான்காவதாக வரும் பெண் வேறு பல நாடுகளில் முதலாவதாக வரக்கூடியவள். ஆனாலும் அவள் வீட்டில் இருந்துதான் போட்டியைப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்ட வீராங்கனைக்குக் கிடைப்பதே பத்துப் பன்னிரண்டு வருடங்கள். எங்கள் ஊர்களிலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வெளிநாடு போனால் விருந்து வைத்து வழியனுப்புகிறோம். ஓடுகிறவள் போனால் மட்டும் ஏன் துரோகியாகிறாள்?

நான் குறை காண்பது அழைத்துச் செல்லும் நாடுகளிடம். 2003 இல் கட்டார், ஸ்டீபன் செரோனோ என்ற கென்ய வீரருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. அவர் பெயரும் ஸைப் ஸயீத் ஷாஹீன் என்று மாறியது. அந்த வருடமே உலகச் சம்பியனானார். ஆனால் கென்யா இணங்காததால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரால் ஓட முடியவில்லை.

ரூத் ஜெபெட்டின் கதை இன்னும் உறுத்துகிறது. அவரும் கென்யாவில் பிறந்தவர். 2013 இல் பஹ்ரைன் பிரஜையானபோது வயது 16. என்னைவிட ஒரு வயது குறைவு. உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவெடுக்கவே நாங்கள் எத்தனை பேரிடம் கேட்கிறோம்! 19 வயதில் ரியோவில் தங்கம் வென்றார், உலக சாதனையும் படைத்தார். பிறகு ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நான்கு வருடத் தடை. அந்தத் தவறுக்கு அவரே பொறுப்பு. ஆனால் பிள்ளை வயதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? 2018 இல்தான் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் விதியை இறுக்கியது. 20 வயதுக்கு முன் நாடு மாற முடியாது, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், ஒரு தடவைதான் மாறலாம். நல்ல விதி, ஆனால் ஜெபெட்டுக்குப் பிந்தி வந்தது.

இத்தனைக்கும் பஹ்ரைனில் ஓடுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்த ருகையா அல் கஸ்ரா, தலையை மூடிய ஆடையோடு ஓடி, 2006 டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் தங்கம் வென்றார். எங்கள் சுசந்திகா ஜயசிங்க கூட அன்று அவருக்குப் பின்னால்தான் வந்தார். இன்னும் பத்து ருகையாக்களை உருவாக்குவதற்குக் காலம் எடுக்கும். ஆயத்தமான ஒருத்தியைக் கொண்டு வந்தால் அடுத்த ஒலிம்பிக்கிலேயே பதக்கம். வெளியிலிருந்து வந்த பதக்கத்தைப் பார்த்து ஒரு நாட்டின் பெண்பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

பஹ்ரைனைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நாங்கள் வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை, உள்ளே இருப்பவர்களை நிறுத்திவிடுகிறோம். தரம் 8, 9 இல் இல்ல விளையாட்டுப் போட்டியில் பறக்கிற பிள்ளைகள் சாதாரண தரம் வந்ததும் டியூஷன், வயது வந்துவிட்டது, ஊர் என்ன சொல்லும் என்று மைதானத்தை விட்டுப் போகிறார்கள். முழுக்கை ஆடையும் பெண் பயிற்றுவிப்பாளரும் இருந்தால் அனுப்புவோம் என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். அப்படியானால் அதைக் கல்லூரியிடம் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வலய மட்டப் போட்டிக்கான அனுமதிக் கடிதம் வழமைபோல இந்தத் தவணையும் வீட்டுக்கு வரும். அதைப் புத்தகப் பையிலேயே கிடக்க விடாமல் வாப்பாவிடம் எடுத்துக் கொடுக்கும்படி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.