அவளுடைய ஆள் யார்?



"டீச்சர்மார் குடும்பத்தைப் பிரிக்கிறாங்க" என்ற கதை குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற ஆட்கள்வரை வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறோம்.

புங்குடுதீவுக்குப் படிப்பிக்க வந்து போகிற முஸ்லிம் ஆசிரியைகள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் வாழ்க்கை தலாக் வரை வந்து நிற்கிறது. (பெயரும் ஊரும் வேண்டாம்.) பேசித் தீர்க்க மூன்று பேர் போனார்கள். ஒருவர் மாப்பிள்ளையின் மாமா. மற்றவர் மாப்பிள்ளை வேலை செய்யும் கடையின் முதலாளி. மூன்றாமவர் பள்ளிவாசல் ஆள். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த முதலாளியின் மச்சான். "சபூர் செய்யுங்க மகள்" என்றார்கள். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது ஒன்றுதான்: இதில் அவளுடைய ஆள் யார்?

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்றுதான் சூரா அந்நிஸாவின் 35ஆவது ஆயத்து நடுவர்களை வைக்கச் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் அதே வழிதான். தலாக் சொல்லப்போவதாகக் கணவன் அறிவித்தால், இரு பக்கத்து உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துச் சேர்த்துவைக்கக் காதியார் முயலவேண்டும். அதற்கு 30 நாள் இருக்கிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. அப்படியிருக்க, தன் பக்கம் பேச ஒருவருமில்லாமல் ஒரு பெண்ணை அங்கே கொண்டுபோய் இருத்துவது என்ன நியாயம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபின் எங்கள் குடும்பங்கள் சிதறிப்போயின. வாப்பா புத்தளத்தில், காக்கா கொழும்பில். திரும்பி வந்து குடியேறிய பிள்ளைக்குக் கிட்ட இருப்பது பல நேரம் புருஷன் வீட்டுச் சொந்தம் மட்டும்தான். "கிட்ட இருக்கிறவங்க பேசட்டும்" என்றால், அவளுக்கு ஆளே வேண்டாம் என்று அர்த்தம்.

ஆளைத் தெரிவு செய்யும்போது பாருங்கள்: அவர் மாப்பிள்ளையிடம் கடன்பட்டவரா, அவருக்குச் சம்பளம் கொடுப்பவரா, இந்தக் கல்யாணத்தைப் பேசி வைத்தவரா? பேசி வைத்தவருக்குத் தன் மானம்தான் பெரிது. கேட்டதைக் கடைத்தெருவில் இறக்கிவைக்காத வாய் வேண்டும். ஆலிமாக இருக்கவேண்டும் என்றில்லை. உம்மாவின் தங்கச்சியும் போதும்.

சேர்த்துவைத்தால்தான் மத்தியஸ்தம் என்று நினைக்கிறோம், அதுவும் பிழை. பிரிவதானால் மஹர் பாக்கி, கைக்கூலி, நகை, இத்தாக் காலச் செலவு, பிள்ளைகளின் தாபரிப்பு, பிள்ளை எந்த நாளில் யாரிடம் என்று எல்லாவற்றையும் அங்கேயே பேசி எழுதவேண்டும். வெறுந்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம், யார் கேட்டாலும்.

அடி நடந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டியவர் மத்தியஸ்தர் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தீவகத்துக்கு ஊர்காவற்றுறையில் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போவதும் குடும்பத்தைப் பிரிப்பது என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தப் பிள்ளையின் அடுத்த பேச்சு வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. புத்தளத்திலிருந்து சாச்சி இரவு பஸ்ஸில் வருகிறா. பஸ் காசை நாங்கள் போட்டிருக்கிறோம். குடும்பத்தைப் பிரிக்க நாங்கள் செய்தது இவ்வளவும்தான்.